பக்கத்துச் சீட்டு

பங்குனி மாதத்தில் அம்பகரத்தூர் ரோட்டில் பஸ் ஓடுவது ஜனங்கள் ஏறிப் போவதற்காக என்று பஸ் கம்பெனிக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அது உளுந்து அடிப்பதற்காக ஓடுகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு கப்பலேறுவதற்கு ஒரு வருஷம் முன்னால், என்ன நினைத்தார்களோ, ஊர் எல்லையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மட்டும் தார் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மற்றதெல்லாம் கப்பி ரோடு. அந்தத் தார்த் துண்டில் காய்ந்த செடியைப் பரப்பிவிட்டு மர நிழலில் உட்கார்ந்தால், பத்து மணி பஸ் ஒரு தரம் ஏறும், திரும்புகையில் ஒரு தரம் ஏறும், சாயங்காலம் இன்னும் இரண்டு தரம். நெற்று வெடித்து உளுந்து தானாக உருளும். மாட்டைத் தேட வேண்டாம், தடி பிடித்துக் கை காய்க்க வேண்டாம். பஸ் டிரைவர் காஜா மைதீன் தினமும் தலையை வெளியே நீட்டித் திட்டுவார். திட்டி முடித்துவிட்டு, செடி எங்கே அடர்த்தியாகக் கிடக்கிறதோ அந்தப் பக்கமாகவே சக்கரத்தை ஏற்றிப் போவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அஞ்சுகத்தின் முறை. வாரத்துக்கு எடுத்த ஆறு மா நிலத்தில் பிடுங்கிக் காயவைத்த செடியை, வளைவுக்கு இந்தப் பக்கம் இருபது பாகம் நீளத்துக்குப் பரப்பியிருந்தாள். தார் சுட்டதால் காலில் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது வேறு ஒரு சத்தம் கேட்டது. வளைவில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. தெரிந்த மறு நிமிஷம் அது உளுந்தின் மேல் இருந்தது. அடுத்து அது ரோட்டுக்குக் குறுக்கே இருந்தது. பிறகு எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டபடி நின்றது. செடியில் பாதி வாய்க்காலுக்குப் போய்விட்டது.

காரின் இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு, வெள்ளைக் கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு வாலிபன் இறங்கினான். காரைக்கால் ஜெய்னுலாபுதீன் மரைக்காயரின் மகன் சேக் அலாவுதீன். சைகோனில் மரைக்காயருக்கு ஜவுளிக் கடை. கார்த்திகை மாதம் மகனையும் காரையும் ஒரே கப்பலில் ஊருக்கு அனுப்பியிருந்தார். இரண்டில் காருக்குத்தான் உள்ளூரில் மதிப்பு அதிகம்.

சைகோன் வண்டிக்கு ஸ்டீரிங் இடது பக்கம். வலது பக்கக் கதவு திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அதிலிருந்து இறங்கியது அஞ்சுகத்தின் புருஷன் உத்திராபதி. பதினெட்டு வருஷமாக மரைக்காயர் வீட்டு டிரைவர். அவன் முகம் அரைத்த சந்தனம் மாதிரி வெளுத்திருந்தது.

"அக்கா, ரோட்டுல ஏன் செடிய போட்டு வச்சிருக்கீங்க?" என்றான் அலாவுதீன். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"வண்டி ஏறுறதுக்குத்தான் தம்பி. நீங்க ஏறல, பறந்துட்டீங்க" என்றாள் அஞ்சுகம்.

அன்று சாயங்காலம் உத்திராபதி வீட்டுக்கு வந்து, கால் கழுவி, சோற்றுக்கு உட்கார்ந்தான். முருங்கைக்கீரைச் சாறும் சுட்ட கருவாடும். அஞ்சுகம் இரண்டாம் தரம் சோறு போட்டாள். போட்டுவிட்டுக் கேட்டாள்.

"நீங்க ஏன் அந்தப் பக்கம் உக்காந்திருந்தீங்க?"

"எந்தப் பக்கம்?"

"ஓட்டாத பக்கம்."

"சின்ன முதலாளி பழகுறாரு."

"பழகட்டும். எதுக்கு இம்புட்டு அவசரமாப் பழகுறாரு?"

உத்திராபதி கருவாட்டில் முள் எடுத்தான். அதில் முள்ளே இல்லை. "பங்குனிக் கடைசி ஞாயித்துக்கிழமை மெட்ராசுல ஒரு பந்தயம். யுத்தத்தப்ப ஏரோப்ளேன் எறங்குன திடல் ஒண்ணு கெடக்காம். அதச் சுத்திச் சுத்திக் காரு ஓட்டணும். சின்னப் பந்தயம், பெரிய பந்தயம்னு ரெண்டு. புதுசா வர்றவங்க சின்னதுல ஓடுவாங்க. நல்லா கைதேர்ந்தவங்க பெரிசுல."

"தம்பி சின்னதுலயா?"

"பெரிசுல."

"அவருக்கு ஓட்டத் தெரிஞ்சு எத்தன நாளாச்சு?"

"நாலு மாசம். சைகோன்ல அவருக்கும் ஒரு டிரைவரு இருந்தாரு."

பெரிய பந்தயத்தில் சேர வண்டி பெரிதாக இருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும் என்று, பந்தயம் நடத்துகிற மெட்ராஸ் கிளப்பின் தாளில் அச்சடித்திருந்தது. ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அச்சடிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது. ஆனால் வேறு ஒன்றுக்கு இடம் இருந்தது. வண்டி ஓட்டிச் சம்பளம் வாங்குகிற எவரும் பந்தயத்தில் ஓட்டுகிறவராகச் சேர முடியாது. அப்படிப்பட்டவர்கள் மெக்கானிக்காகப் பக்கத்துச் சீட்டில் உட்காரலாம். உட்காரலாம் என்ன, யாராவது ஒரு மெக்கானிக் கட்டாயம் உட்கார வேண்டும்.

இதை உத்திராபதி சொல்லச் சொல்ல அஞ்சுகம் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓட்டத் தெரியாதவரு ஓட்டணும். தெரிஞ்சவரு பக்கத்துல உக்காந்து பாக்கணும். யாருங்க இந்தச் சட்டம் போட்டது?"

"கிளப்புல பெரிய மனுசங்க."

"அவங்க வீட்டுக் கல்யாணத்துல சமையக்காரர உக்கார வச்சிட்டு மாப்பிள்ளையத்தான் சோறாக்கச் சொல்லுவாங்களா?"

உத்திராபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

"சிரிக்காதீங்க. முடியாதுன்னு சொல்லிடுங்க."

"சொல்லலாம். சொன்னா காரைக்கால்ல வேற ஒருத்தனக் கூட்டிட்டுப் போவாரு. அவன் 'அழுத்துங்க முதலாளி, அழுத்துங்க'ம்பான். அந்தப் புள்ள செத்துப்போயிரும் அஞ்சுகம்."

"அதுக்கு நீங்களும் கூடச் சாவணுமா?"

"நான் இருந்தா கைய நீட்டி ஸ்டீரிங்கையாவது பிடிப்பேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் பயத்தோடு உட்கார்ந்திருந்தாலும் அவன் கண்ணில் ஒரு மினுக்கம் இருந்தது. பதினெட்டு வருஷமாக மரைக்காயர் வீட்டுப் பெண்களைப் பள்ளம் பார்த்து, குழி பார்த்து, பால் செம்பு தளும்பாத வேகத்தில் கொண்டுபோய்ப் பழகிய மனுஷனுக்கு, ஒரு தடவையாவது வண்டி எவ்வளவுதான் போகும் என்று பார்க்க ஆசை. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததால் கோபம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் ரோட்டில் மிச்சச் செடியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கைலாசநாதன் குடையோடு வந்தார். மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி ஆபீசில், முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கமும் பேசுவார். பந்தயச் சங்கதி அதற்குள் அவர் வரை வந்திருந்தது.

"பணக்காரன் ஓடலன்னா பந்தயமே கெடையாது புள்ள" என்றார். "ஒரு டயரு என்னா வெலங்கிற? பெட்ரோலு உங்கப்பாவா ஊத்துவாரு? ஆசப்பட்டவன்தான் செலவழிக்கணும், செலவழிக்கிறவன்தான் ஓடணும். அது ஒரு நாயம்."

"நாயம்தான். காசு குடுத்தவன்னு கோயில்ல சாமியாட விட்டுருவாங்களா?"

"முதல்ல எல்லாரும் தெரியாமத்தான் ஏறுனது. ஒன் புருசன் பொறக்கும்போதே ஸ்டீரிங்க பிடிச்சுக்கிட்டா பொறந்தாரு?"

"அவரு ரெண்டு வருசம் நெல்லு லாரில கிளீனரா இருந்தாருங்க. ஏறுன அன்னிக்கே மெட்ராசுக்குப் போவல."

கைலாசநாதன் குடையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை அஞ்சுகம் பத்து மணி பஸ்ஸில் ஏறினாள். மடியில் ஒரு படி பச்சைப்பயறு கட்டியிருந்தது. வெறுங்கையோடு போக மனசு வரவில்லை. காரைக்காலில் மரைக்காயர் வீட்டுக் கொல்லைப் பக்கமாகப் போய்ச் சமையல்கட்டு வாசலில் நின்றாள். அலாவுதீனின் தாய் ஆஸியா பீவி உள்ளே மணை போட்டு உட்கார்ந்து மாசிக் கருவாட்டை இடித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் பெண்கள் இருந்தார்கள். ஆனால் மாசி இடிப்பதை ஆஸியா பீவி யாருக்கும் விடுவதில்லை.

"வா புள்ள. உள்ள வந்து உக்காரு. எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே பீவியம்மா."

"ஒம் மூஞ்சி சொல்லுது. ஒனக்கு அதுல ஒரு உசுரு, எனக்கு ஒரு உசுரு. வண்டி ஒண்ணு." உலக்கையை நிறுத்திவிட்டு ஒரு தட்டில் நாலு இடியப்பம் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றித் தள்ளினாள். "தின்னுட்டுப் பேசு."

அஞ்சுகம் இரண்டு வாய் தின்றாள். "நீங்க வேண்டாம்னு சொல்லப்படாதுங்களா?"

"சொன்னேன். 'சரிம்மா'ன்னான். போயி புது டயரு நாலு வாங்கிட்டு வந்தான்."

"பெரிய முதலாளி?"

"சைகோனுக்குக் கடுதாசி போட்டேன். பதிலு வந்துச்சு. கடையத்தான் பாக்கத் தெரியல, பந்தயமாவது பாக்கட்டும்னு எழுதியிருக்காரு. வாப்பாவும் மவனும் ஒரே மண்ணு." ஆஸியா பீவி மாசித் தூளை விரலால் எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணு மட்டும் எங்கிட்ட இருக்கு. நான் துஆ ஓதி ஊதாம அந்தப் புள்ள நாகூருக்குக்கூடப் போனதில்ல. உம்மா கையேந்தணும், அப்பறந்தான் படியெறங்குவான். சின்னதுலேர்ந்து அப்படியே வந்துட்டான்."

"அப்ப கையேந்தாதீங்க."

"ஏந்தலன்னா போவ மாட்டான். ஆனா ஆயுசுக்கும் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பான். அது ஒரு வேதன. ஏந்திட்டேன்னு வையி, அங்க போயி ஒண்ணு ஆச்சுன்னா, நானே என் கையால அனுப்பிச்ச மாரி ஆயிரும். அவனுக்கு ஓட்ட வருமா வராதான்னு எனக்கு எப்புடித் தெரியும்? நான் பின்னாடி திரைய இழுத்துவிட்டுட்டு உக்காந்து போறவ. ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்க. எனக்கு உளுந்துதான் தெரியும்."

சொல்லிவிட்டு அஞ்சுகம் சாப்பிடுவதை நிறுத்தினாள். தட்டில் தேங்காய்ப்பால் ஆறி ஏடு படிந்தது.

"பீவியம்மா, ஒண்ணு சொல்றேன். சக்கரம் உருண்டு போனா நெத்து வெடிக்கும், உளுந்து முழுசா இருக்கும். சக்கரம் உருளாமத் தேச்சுக்கிட்டுப் போனா உளுந்து ரெண்டாப் பொளந்து பருப்பாயிரும். அவசரமா ஸ்டீரிங்க ஒடிச்சாலும் தேய்க்கும், பட்டுன்னு பிரேக்கு போட்டாலும் தேய்க்கும். காஜா மைதீன் பாயி பத்து வருசமா ஏத்துறாரு. எம்மொறத்துல இது வரைக்கும் ஒரு கை பருப்பு விழுந்ததில்ல."

ஆஸியா பீவி உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"அப்ப ஓட்டுனது எப்புடின்னு ஒம் மொறத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும்?"

"வண்டிக்குள்ள யாரு இருக்கான்னு தெரியாது. சக்கரம் என்ன செஞ்சிச்சுன்னு தெரியும்."

"சரி. நீ சரின்னு சொல்ற அன்னிக்கு நான் கையேந்துறேன். அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ அந்த இடியப்பத்தத் தின்னு."

இப்படியாக, மெட்ராஸ் கிளப்புக்குத் தெரியாமல் அம்பகரத்தூரில் ஒரு பரீட்சை ஏற்பட்டது. அதற்குக் கட்டணம் கிடையாது.

அலாவுதீன் சனிக்கிழமை காலை வந்தபோது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தான். எழுபது குதிரைச் சக்தி உள்ள வண்டியை உளுந்து அடிக்க விடுவதில் அவனுக்குச் சம்மதமில்லை. அதை வேகத்தில் காட்டினான். வளைவில் பிரேக்கை மிதித்தான். உருண்டுகொண்டிருந்த உளுந்தின் மேல் வண்டி, எண்ணெய் தடவிய பலகையில் வைத்த சோப்பு மாதிரி, நிற்காமல் நிதானமாக வாய்க்காலுக்குள் இறங்கியது. பங்குனியில் வாய்க்காலில் தண்ணீர் இல்லை, முழங்கால் அளவு சேறுதான் இருந்தது. இரண்டு ஜோடி மாடு கட்டி வெளியே இழுத்தார்கள். அந்த வழியாக வந்த காஜா மைதீன் பஸ்ஸை நிறுத்தி, பிரயாணிகள் எல்லோரும் பார்க்கிற வரை காத்திருந்து, பிறகு புறப்பட்டார்.

அஞ்சுகம் அன்று புடைத்த முறத்தைக் கொண்டுவந்து அவனிடம் காட்டினாள். பாதிக்குப் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"இத அப்படியே நனையப் போட்டுடலாம் தம்பி. ஒடைக்கிற வேல மிச்சம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அலாவுதீன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முறத்தையே பார்த்தான். அவன் கால்சட்டை முழங்கால் வரை சேறு. காருக்குப் போய்விடுவான் என்று உத்திராபதி நினைத்தான். அலாவுதீனோ குனிந்து ஒரு கை உளுந்தை அள்ளி, உடைந்ததைத் தனியாகவும் முழுசைத் தனியாகவும் பிரிக்க ஆரம்பித்தான்.

"இது எந்த எடத்துல ஒடஞ்சிதுன்னு சொல்ல முடியுமாக்கா?"

"வளைவுலதான். நேரா கெடந்ததத் தனியா கூட்டிவச்சிருக்கேன், வந்து பாருங்க. அதுல கம்மி."

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். வேகமாகப் போனால் நெற்று வெடிக்காமல் தெறித்துப் பறந்தது. மெதுவாகப் போனால் நசுங்கிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தில் போனால், சக்கரத்துக்குக் கீழே மழை பிடித்த மாதிரி சடசடவென்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்காக அலாவுதீன் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினான். நாலாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உளுந்தின் மேல் நடந்து பார்த்தான். சூடு தாங்காமல் குதித்தான். அஞ்சுகம் இரண்டு சாக்குத் துண்டு கொடுத்தாள். மரைக்காயர் மகன் காலில் சாக்குக் கட்டிக்கொண்டு செடியைத் திருப்பிப் போடுகிற சங்கதி, பஸ் மூலமாக அன்று மத்தியானமே காரைக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஊருக்கு இதில் லாபம். பஸ் நாளைக்கு நாலு தரம்தான் ஏறும். சைகோன் வண்டி நாற்பது தரம் ஏறியது. சுற்று வட்டாரத்திலிருந்து மாட்டு வண்டியில் உளுந்துச் செடி வந்து இறங்கியது. வரிசை போட்டுக் காத்திருந்தார்கள். கைலாசநாதன் யார் முன்னே யார் பின்னே என்று பார்க்கிற உத்தியோகத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டார். காஜா மைதீனுக்குத்தான் வருத்தம். அவர் வருவதற்குள் கார் செடியை அடித்து முடித்துவிடும். வெறும் ரோட்டில் பஸ் ஓட்டி வெகு நாளாகிவிட்டது, கை வரவில்லை என்றார்.

ஒரு நாள் மத்தியானம் மர நிழலில் கஞ்சி குடிக்கும்போது அலாவுதீன் தானாகவே பேச ஆரம்பித்தான். உத்திராபதி காருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"சைகோன்ல வாப்பா கடைக்கு முன்னாடி இந்த வண்டி வந்து நின்னா, தெருவே சலாம் சொல்லும்க்கா. எனக்குச் சொல்றாங்களா வண்டிக்குச் சொல்றாங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. பந்தயத்துல ஓடுனா அது தெரிஞ்சிரும்னு நெனச்சேன்."

"அதுக்கு ஏன் பெரிசுல ஓடணும்?"

"சின்னதுல ஜெயிச்சா யாரு பேசுவாங்க?"

"உளுந்துக்கு உங்க வாப்பா யாருன்னு தெரியாது தம்பி. அது பாட்டுக்கு ஒடையும்" என்றாள் அஞ்சுகம். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "நேத்து ரெண்டு கை ஒடஞ்சிது. இன்னிக்கு ஒண்ணரதான்" என்று சொல்லி, ஊறுகாய்ச் சிரட்டையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆஸியா பீவி வந்தாள். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். காரைவிட்டு இறங்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, "ஏறு புள்ள" என்றாள்.

"நான் எதுக்குங்க?"

"மொறத்துல தெரியுறத நீ பாத்துட்டே. வண்டிக்குள்ள தெரியுறதயும் பாரு. நானும் பாக்குறேன். பயந்தா ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்."

பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டுகிறவன் பெண்டாட்டி காரில் ஏறியது அன்றைக்குத்தான். சீட்டு அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முன்னால் இடது பக்கம் அலாவுதீன். வலது பக்கம் உத்திராபதி.

அலாவுதீன் வண்டியைத் திருநள்ளாறு பக்கமாக மூன்று கிலோமீட்டர் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தினான். "உம்மா, புடிச்சுக்குங்க" என்றான். பிறகு அழுத்தினான்.

பனைமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலி மாதிரி ஆகிவிட்டன. கப்பிக் கல் அடியில் அடித்தது. ஆஸியா பீவி அஞ்சுகத்தின் கையைப் பிடித்தாள். பிடித்த கை இறுகியது. உதடு ஓதிக்கொண்டிருந்தது. வேகம் காட்டுகிற முள் நூறைத் தாண்டி நடுங்கியது. அஞ்சுகம் முள்ளைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தார் ரோடு வந்தது. எதிரே வளைவு. வளைவு முழுக்க உளுந்துச் செடி. இருபுறமும் ஜனம். அலாவுதீன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது, இரைச்சல் இறங்கியது, இறங்கிக்கொண்டே வந்தது. செடியின் மேல் ஏறும்போது மழைச் சத்தம் ஆரம்பித்தது. வளைவு முழுக்க அந்தச் சத்தம் ஓரிடத்திலும் அறுந்துபோகவில்லை.

உத்திராபதியின் முதுகு அசையவில்லை. அவன் மடியிலிருந்த வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்துத் தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளிப்போட்டு, இலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு ஓரம் பிசகாமல் படிந்தது.

அஞ்சுகத்துக்கு அதற்கு மேல் முறத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் இறங்கிப் போய்ப் புடைத்துக் கொண்டுவந்தாள். ஒரு உள்ளங்கை அளவு பருப்பு கிடந்தது. அதைக் காரின் ஜன்னல் வழியாக நீட்டினாள். மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரரு உங்க பக்கத்துல உக்காரலாம் தம்பி" என்றாள். "ஆனா சின்னப் பந்தயத்துல."

அலாவுதீன் திரும்பிப் பார்த்தான். "பெரிசுக்குப் பணம் கட்டியாச்சுக்கா. பேரும் பதிஞ்சாச்சு."

"பெரிசுல ஓடுறவங்க எத்தன வருசமா ஓட்டுறாங்க?"

"பத்து வருசம். சில பேரு பன்னண்டு."

"நீங்க?"

அவன் விரலை மடக்கினான். "நாலு மாசம், பதினெட்டு நாளு."

"நீங்க நல்லா ஓட்டுறீங்க. நான் பொய் சொல்லல. ஆனா அங்க இன்னும் பத்துப் பேரு வேகமா வருவாங்க. அவங்களுக்கும் பக்கத்துல ஒருத்தரு உக்காந்திருப்பாரு. அவருக்கும் ஒரு பொண்டாட்டி எங்கயாவது ரோட்டுல நின்னுக்கிட்டிருப்பா. அந்தக் கிளப்புக்காரங்க உங்கள உள்ள விட்டுட்டாங்க. நீங்களா வெளியில நின்னாத்தான் உண்டு."

ஜன்னல் வழியாக வெயில் அடித்தது. அலாவுதீன் அந்த உள்ளங்கைப் பருப்பை வாங்கி ஒவ்வொன்றாகக் கிளறினான். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று உத்திராபதி வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"வளைவுல கடைசியில கொஞ்சம் சறுக்குச்சு. எனக்கே தெரிஞ்சிது" என்றான் அலாவுதீன் மெல்ல. "சரிக்கா. தந்தி குடுத்து மாத்திக்கிறேன்."

ஆஸியா பீவி துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு கையையும் எடுத்து ஏந்தினாள். ஓதி முடித்து மகன் தலையில் ஊதினாள். ஒரு நிமிஷம் யோசித்து, சீட்டின் மேலாகக் குனிந்து, உத்திராபதி தலையிலும் ஊதினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சுகம் சோறாக்கவில்லை. வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தாள். தந்தி ஏதும் வரவில்லை. தந்தி வந்தால் கெட்ட சேதி, வராவிட்டால் நல்ல சேதி என்றார் கைலாசநாதன். கொஞ்சம் பொறுத்து, தந்தி ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை பாதி நாள்தான் திறந்திருக்கும் என்றும் சொன்னார். அவள் அவர் முகத்திலேயே விழிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணி பஸ்ஸுக்குப் பின்னாலேயே கார் வந்தது. நின்றது. உத்திராபதி இறங்கினான். அஞ்சுகம் அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தரம் பார்த்தாள், காலிலிருந்து தலை வரை இன்னொரு தரம் பார்த்தாள். எல்லாம் போகும்போது இருந்தபடியே இருந்தது. மூக்கு மட்டும் வெயிலில் உரிந்திருந்தது.

"எத்தனாவது?" என்று கேட்டாள்.

"ஆறாவது."

"மொத்தம் எத்தன வண்டி?"

"பதினாலு."

"மத்தவங்கள்லாம்?"

"எல்லாரும் வந்து சேந்தாங்க. முன்னப்பின்ன."

அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள். அலாவுதீன் இறங்கி வந்தான். ஆறாவதாக வந்தவன் மாதிரி இல்லை, முகம் அப்படிப் பொங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அண்ணன் பெரிய விசயத்த உங்ககிட்ட மறைக்கிறாரு. சனிக்கிழமை பழகிப் பாக்குற நாளு. யாரு வேணும்னாலும் ஓட்டலாம், சம்பளக்காரரு கூடாதுன்னு சட்டம் அன்னிக்கு இல்ல. அண்ணன் ஒரே ஒரு சுத்து ஓட்டுனாரு. மணி பாக்குறவரு கடியாரத்த ரெண்டு தரம் ஆட்டிப் பாத்துட்டு, இன்னொரு சுத்து ஓட்டச் சொன்னாரு. மறுபடியும் கடியாரத்த ஆட்டுனாரு. பெரிய பந்தயத்துல ஓடுறவங்கள்ல ரெண்டு பேருதான் அதவிடக் கம்மியான நேரத்துல சுத்துனாங்க."

உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது சிவந்திருந்தது.

"அந்தச் சட்டத்த எடுக்கணும்னு கிளப்புல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன். ஓட்டத் தெரியாத என்ன உள்ள விட்டீங்க, தெரிஞ்சவர வெளியில நிறுத்துறீங்க, இது என்ன நாயம்னு. இன்னும் நாலஞ்சு பேரு கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த வருசம் மாத்துறோம்னு செயலாளரு வாயால சொல்லியிருக்காரு. மாத்துனா பெரிய பந்தயத்துல அண்ணன்தான் ஓட்டுவாரு."

அஞ்சுகம் புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு வயலில் என்ன வேலை என்று கேட்கிறவள் மாதிரி அவள் கேட்டாள்.

"அப்ப பக்கத்துச் சீட்டுல யாரு உக்காருவா?"

"நான்தான்க்கா. இத்தன நாளு அவரு உக்காந்தாரு. நான் உக்காரக் கூடாதா?"

"உக்காரலாம் தம்பி. எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அஞ்சுகம். முறத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஆனா அவரு ஓட்டுறது எப்புடின்னு பீவியம்மா மொறத்துல பாக்கணுமுல்ல. நாளைக்கு அழச்சிட்டு வாங்க."